கச்சானும் காங்கேசன்துறை ரயிலும்

ஒரு நாட்டின் தேசிய அணியை நான் தோற்கடித்திருக்கிறேன். கிரிக்கெட்டிலும் இல்லை, உதைபந்தாட்டத்திலும் இல்லை. நாய்கள் தடை தாண்டி ஓடும் போட்டியில். அதற்காக நான் மைதானத்துக்குள் கால்கூட வைக்கவில்லை. பார்வையாளர் பகுதியில், பதினான்காவது வரிசையில், மடியில் கைப்பையோடு இருந்தபடியே தோற்கடித்தேன். ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அதையும் அன்பினால்தான் சொன்னேன் என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். (சுவிஸ்காரர் யாராவது தமிழ் படிக்கக் கூடியவர்களாக இருந்தால், குறை நினையாதேங்கோ.)

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. வலைப்பந்துப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டுக் கத்தியே காலம் தள்ளியவள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி பிடிக்க வேண்டும் என்று ஒருமுறை அதிபரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரீச்சர், நீங்கள் இருக்கேக்கை அது என்னத்துக்கு?" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, அன்று வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லியும் இருக்கிறேன். இப்போது யோசித்தால் அவர் பாராட்டியது போலத் தெரியவில்லை.

குரல் இப்படியானதற்குத் தொழில் பாதிக் காரணம், வீடு பாதிக் காரணம். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் மதிலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை மட்டும்தான். காங்கேசன்துறை ரயில் போகும்போது குசினித் தட்டில் கோப்பைகள் கிலுகிலுக்கும். என் குரலாலும் வெல்ல முடியாத ஒரே சத்தம் அது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் ரயில் கேட்டதும் யாராவது ஒருவர் "பொறு பொறு, ரெயில் போகட்டும்" என்பார். எந்தச் சொல்லில் நிற்கிறோமோ அந்தச் சொல்லிலேயே எல்லோரும் நின்றுவிடுவோம். சண்டை என்றாலும் அப்படித்தான். நீட்டிய கை நீட்டியபடி, திறந்த வாய் திறந்தபடி காத்திருப்போம். கடைசிப் பெட்டி போனதும், "ம், போட்டுது. என்ன சொன்னனான்?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். போய்விட்டது என்பது எங்கள் வாயில் 'போட்டுது'. (பல சண்டைகள் அந்த இடைவெளியிலேயே முடிந்தும் இருக்கின்றன. என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்து போயிருக்கும்.) போர்க்காலத்தில் அந்தப் பாதையில் தண்டவாளமே இல்லாமல் போய்ப் பற்றை மண்டிக் கிடந்தது. நெடுங்காலம் வராமல் இருந்த ரயில் திரும்ப வந்தபோது, சத்தத்தைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அது போகுமட்டும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

இனி ஆரணி. என் அக்கா கலியாணம் முடித்து சுவிசுக்குப் போனவள். அவளுடைய ஒரே மகள்தான் ஆரணி. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறாள். மெல்லிய குரலில் கதைக்கும் பிள்ளை. (எங்கள் குடும்பத்தில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.) ஒன்பது வயதில் விடுமுறைக்கு வந்தபோது அவளைக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவாமி வெளிவீதி வந்ததையும் அவள் பார்க்கவில்லை, வாணவேடிக்கையையும் பார்க்கவில்லை. கச்சான் கடையை விட்டு நகரவே இல்லை. வறுத்த கச்சான் கடலையைக் கோதுடைத்துச் சாப்பிட்டுக்கொண்டே திருவிழாவை முடித்தாள். வளர்ந்து தன் கைக்காசில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாய்க்குட்டி வாங்கியபோது, யோசிக்காமல் அதற்குக் கச்சான் என்று பெயர் வைத்தாள்.

கச்சான் நடக்காது, ஓடும். இந்த ஓட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆரணி அதைத் தடைதாண்டல் பழக்கும் ஒரு கழகத்தில் சேர்த்தாள். நாய் அங்கே கம்பு தாண்டிப் பாய வேண்டும், நீண்ட குழாய்க்குள் புகுந்து வர வேண்டும், வரிசையாக நட்ட கம்புகளுக்கிடையில் வளைந்து வளைந்து போக வேண்டும், உயரமான ஒற்றைப் பலகையில் ஏறி மற்றப் பக்கம் இறங்க வேண்டும். வளர்ப்பவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே அடுத்தது எது என்று சொல்ல வேண்டும். நாயைத் தொடக் கூடாது, தீனி காட்டக் கூடாது. குரலும் கைச்சாடையும் மட்டும்தான்.

பிரச்சினை என்னவென்றால், பயிற்சித் திடலில் எல்லோரும் ஒரே டொச் (ஜேர்மன்) மொழியில் ஒரே சொற்களைக் கத்தினார்கள். நல்ல மனம் படைத்த கச்சான் எல்லோருக்கும் கீழ்ப்படிந்தது. யார் பாயச் சொன்னாலும் பாய்ந்தது. ஒருநாள் ஆரணி தொலைபேசி எடுத்தாள்.

"சித்தி, கச்சானுக்குத் தமிழ் பழக்கப் போறன். அங்கை ஒருத்தருக்கும் விளங்காத பாஷை வேணும்."

"உனக்கே அரைவாசிதானே பிள்ளை தெரியும்."

"அதுதான் உங்களுக்கு எடுத்தனான்."

எங்கள் குசினி மேசையில் இருந்தபடி ஒரு நாய்க்கு அகராதி செய்தேன். தாண்டுவதற்குப் 'பாய்'. பலகைக்கு 'ஏறு'. குழாய்க்கு 'உள்ளை'. புறப்படும் இடத்தில் காத்திருக்கப் 'பொறு', காத்திருந்தது போதும் என்பதற்கு 'வா'. வளைந்து போகும் கம்புகளுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. ஆரணி படம் பிடித்து அனுப்பினாள். நாய் இடமும் வலமுமாகப் போவதைப் பார்த்ததும் என் விரல்கள் தாமாகவே அசைந்தன. ரிபன் அவிழ்ந்துபோய் வந்த எத்தனை பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை வாசலில் வைத்துத் தலை இழுத்துப் பின்னிவிட்டிருப்பேன். "பின்னு எண்டு சொல்லு" என்றேன்.

உச்சரிப்புக்காக ஒவ்வொரு சொல்லையும் குரல் பதிவாக அனுப்பினேன். சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியாது. மாமரம் பூத்தது, பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது, பாடசாலை வலைப்பந்தில் தோற்றது எல்லாம் பதிவில் போகத் தொடங்கின. ஆரணி வேலைக்குப் போகும்போது கச்சான் கதவைப் பிறாண்டுமாம். அவள் பழைய தொலைபேசி ஒன்றில் என் பதிவுகளைப் போட்டுவிட்டுப் போவாளாம்.

"உங்கடை குரல் கேட்டால் பேசாமல் கிடக்குது சித்தி. ரெலிபோனுக்குப் பக்கத்திலை தலையை வைச்சுக்கொண்டு கிடக்குது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன்பிறகு பதிவுகள் இன்னும் நீண்டன. ஒவ்வொன்றிலும் ஒரு ரயிலாவது போகும். "பொறு பொறு, ரெயில் போகட்டும்" என்பேன். பிறகு சடசடவென்று ரயில். பிறகு, "ம், போட்டுது. என்ன சொன்னனான்?" பதிவை வெட்டித் திருத்த எனக்குத் தெரியாது. ரயிலையும் சேர்த்தே அனுப்பினேன். இதில் ஒரு நாய் என்ன படித்துக்கொள்ளும் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

கச்சானும் ஆரணியும் சுவிஸ் தேசிய அணிக்குத் தெரிவானார்கள். ஜேர்மனியில் பல நாட்டு அணிகள் சேரும் போட்டி. சிவப்புச் சட்டையில் நாட்டின் பெயர் போட்டுப் படம் அனுப்பியிருந்தாள். ஆரணியின் அப்பா, என் அத்தான், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது அக்கா மூலம் எனக்கு வந்தது: "நாயோடை ஓடுறதுக்கு ஒரு நாடு சட்டை தைச்சுக் குடுக்குதோ?" அத்தான் கெட்டவர் அல்ல. மகளை மருத்துவராக்க நினைத்து, தாதியாகப் பார்த்துப் பழகி, இப்போது நாயோடு ஓடுவதையும் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கு ஒரு மூச்சு விடக் கால அவகாசம் தேவைப்பட்டது.

"அப்பா ஒருநாளும் வந்து பாக்கேல்லை சித்தி" என்றாள் ஆரணி. "நீங்கள் வாங்கோ. உங்களைக் கூட்டிக்கொண்டு வாறதுக்கெண்டாவது அவர் காரை எடுப்பார். ஒருக்கால் பாத்தால் போதும்."

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அப்பால் போனதில்லை. விசாவுக்குக் கொழும்புக்குப் போனேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பிள்ளை, "பயணத்தின் நோக்கம்?" என்று கேட்டாள்.

"தேசிய அணிக்கு ஆதரவு குடுக்க."

"எங்கடை அணிக்கோ?"

"சுவிஸ் அணிக்கு."

"என்ன விளையாட்டு அம்மா?"

"நாய்."

அந்தப் பிள்ளை என் கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை தெரியாது, விசா வந்தது.

மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போனேன். பாய்ந்து தாண்டுவதில் அவரை விட்டால் வேறு யார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "பேர்?" என்றார். "கச்சான்" என்றேன். தட்டில் கச்சான் இருக்கிறதா என்று பார்த்தார். "நட்சத்திரம்?" அங்கேயே நின்று ஆரணிக்குத் தொலைபேசி எடுத்து, குட்டி பிறந்த திகதியையும் நேரத்தையும் கேட்டுச் சொன்னேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "பூராடம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஓடும்" என்றார்.

சுவிசில் போய் இறங்கியபோது ஆரணி அணியோடு ஏற்கனவே ஜேர்மனிக்குப் போயிருந்தாள். அங்கிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"சித்தி, வடிவாக் கேளுங்கோ. ஓடி முடியுமட்டும் கச்சானுக்கு உங்கடை குரல் கேக்கக் கூடாது. உங்களைத் தேடத் தொடங்கினால் என்னாலை ஒண்டும் செய்யேலாது. கை தட்டுங்கோ. மணி ஆட்டுங்கோ. வாய் மட்டும் திறக்காதேங்கோ."

"திறக்கமாட்டன் பிள்ளை."

"சத்தியமோ?"

"ஆஞ்சநேயர் மேலை சத்தியம்."

சத்தியம் பண்ணிவிட்டேனே தவிர, என்னை எனக்குத் தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். அக்காவுக்கென்று ஊரிலிருந்து புழுக்கொடியல் கொண்டுபோயிருந்தேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. ஒரு துண்டை வாயில் போட்டால் மென்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடமும் மனிதர் கதைக்க முடியாது. பெரிய துண்டாக ஒன்றைக் கைப்பையில் எடுத்து வைத்தேன். இவ்வளவு முன்யோசனை உள்ள பெண் யாழ்ப்பாணத்தில் வேறு இல்லை என்று அன்று காலையில் நினைத்துக்கொண்டேன்.

மண்டபம் பெரியது. பதினான்காவது வரிசையில் அக்கா, நான், அத்தான். அத்தான் கலியாண வீட்டுக்குப் போவது போலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் வாசிக்கப் பேப்பர். எங்களைச் சுற்றிச் சிவப்புச் சட்டைக்காரர்கள் மாட்டு மணிகளோடு இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் மொட்டைத் தலையோடு ஒரு பெரிய மனிதர், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய மணி ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

எனக்கு விளங்கிய அளவில் விதி இதுதான். ஒரு நாட்டுக்கு நாலு நாய். அதில் நல்லாய் ஓடிய மூன்றின் ஓட்டம்தான் கணக்கு. சுவிசின் இரண்டாவது நாய் வரிசை தவறிப் பாய்ந்து போட்டியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கடைசியாக ஓடும் கச்சான் பிழை விடாமல் முடித்தே ஆக வேண்டும். முடித்தால் மூன்றாம் இடம், மேடை, பதக்கம். அறிவிப்பாளர் சொன்னதை அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள். அத்தான் பேப்பரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அதை நான் கவனித்தேன்.

புழுக்கொடியலை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆரணி வந்தாள். அந்தப் பெரிய திடலில் அவள் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். கச்சானை முதன்முதலில் நேரில் பார்க்கிறேன். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து இருந்தது. அவள் உதடு "பொறு" என்று அசைந்தது. நாய் அப்படியே குந்தியிருந்தது. அவள் தூரப் போய் நின்று, "வா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்லி முடிக்க முடியாது. பாய், பாய், உள்ளை, பாய். மண்டபத்தில் மணிச் சத்தம் நின்றிருந்தது. அதனால் அவளுடைய மெல்லிய குரல் எங்கள் வரிசைவரை வந்தது. "பின்னு" என்றாள். கச்சான் கம்புகளுக்கிடையில் ஒரு கம்பையும் தவறவிடாமல் பின்னிக்கொண்டு போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் குசினி மேசையிலிருந்து போன சொல் அது.

அத்தான் என் பக்கம் சாய்ந்தார்.

"அவள் தமிழிலை கதைக்கிறாள்."

நான் தலையை ஆட்டினேன். வாய் நிறையக் கொடியல்.

"நாயோடையோ?"

தலையை ஆட்டினேன்.

"எங்களோடை டொச்சிலைதானே கதைக்கிறவள்" என்றார்.

அடுத்தது ஒற்றைப் பலகை. என் கழுத்துயரம் இருக்கும். அகலம் பாடசாலை வாங்குப் பலகை அளவும் வராது. "ஏறு" என்ற சொல் கேட்பதற்கு முன்பே கச்சான் ஏறிவிட்டது. உச்சியில் அது ஓடிய வேகத்தில், பின்னங்கால் ஒன்று பலகையை விட்டு வழுக்கியது. விரற்கடை அளவுதான். நாய் அதைக் கவனிக்கவே இல்லை.

நான் கவனித்தேன். எங்கள் ஊரில் பிள்ளையிடம் அன்பாக இருக்கிறோம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. 'கவனம்' என்போம், 'ஆறுதலாப் போ' என்போம், மாமரத்தில் ஏறினால் 'விழப்போறாய்' என்போம். அதற்கு மேல் அன்பைச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. அதோடு நான் ஒரு வேலைநாள் முழுக்க உயரத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறவள். ஆஞ்சநேயர், சத்தியம், ஆரணி, சுவிஸ் நாடு, எல்லாம் ஒரு கணம் எங்கோ போய்விட்டன. புழுக்கொடியல் வாயிலிருந்து பறந்தது. அதன் பின்னாலேயே, முப்பது வருடம் வெயிலில் பழக்கிய குரல் வந்தது.

"பொறு மோனை, விழப்போறாய்."

அந்த மண்டபத்துக்கு ஒலிபெருக்கி இருந்தது. தேவைப்படவில்லை.

கச்சான் நின்றது. ஒற்றைப் பலகையின் நட்ட நடுவில், நாலு காலையும் ஊன்றி, துளியும் அசையாமல் நின்றது. மடிந்திருந்த காதும் நிமிர்ந்துவிட்டது. மேலே, ஆட்கள் இருக்கும் பக்கம் பார்த்தது. ஆரணி அடுத்த தடைக்கே போய்விட்டாள், திரும்பிப் பார்த்தாள்.

"வா" என்றாள். "கச்சான், வா."

அது மன்னிப்புக் கேட்பது போல வாலை ஆட்டியது. ஆனால் இறங்கவில்லை. கடிகாரத்தில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்வரிசைப் பெரியவர் தன் மொட்டைத் தலையைத் தடவி, சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து கொடியல் துண்டை எடுத்து, மணந்து பார்த்தார். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

"எடியே, என்னடி செய்தனீ?"

நடுவர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். முடிந்தது என்று அர்த்தம். அதை அக்கா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மணிகள் எல்லாம் மடிகளில் கிடந்தன. ஆரணி பலகைக்குப் பக்கத்தில் திரும்பி வந்து நின்றாள். அவள் கச்சானைத் தூக்கி இறக்கியிருக்கலாம். தூக்கவில்லை. வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டது.

"சித்தி, ரெயில் போட்டுது எண்டு சொல்லுங்கோ."

"என்ன ரெயில்?" என்றார் அத்தான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கச்சான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அது பலகையில் நின்று ரயில் போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரல் 'பொறு' என்றால் ரயில் வரும், ரயில் போய் முடியுமட்டும் அசையக் கூடாது என்று அதற்குத் தெரியும். நானே பழக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. கொக்குவில் வீட்டில் நாங்கள் எல்லோரும் எப்படி நிற்போமோ, அப்படியே அது ஜேர்மனியில் நின்றது.

எழும்பி நின்றேன். சொல்ல வாயைத் திறந்தால் குரல் இல்லை. வேண்டாத நேரத்தில் மண்டபத்தையே நிறைத்த குரல், வேண்டிய நேரத்தில் வர மறுத்தது. கடைசியில் வந்தது ஆரணியின் குரல் அளவுதான் இருந்தது.

"போட்டுது ராசா. வா."

கச்சான் பலகையில் ஒழுங்காக நடந்து இறங்கியது. முடிவில் கட்டாயம் மிதிக்க வேண்டிய மஞ்சள் பகுதியையும் மறக்காமல் மிதித்தது. (அதற்கு யாரும் புள்ளி தரவில்லை.) பிறகு திடலின் எல்லைப் பலகையைத் தாண்டி, படிகளில் ஏறி, பதினான்கு வரிசையும் தாண்டி வந்து, என் முழங்காலை மணந்தது, கைப்பையை மணந்தது, முன்னங்கால் இரண்டையும் என் மடியில் வைத்து என் வாயைப் பார்த்தது. இவ்வளவு நாளும் தொலைபேசிக்குள் இருந்தது இதுதானா என்று நன்றாகப் பார்த்தது. பிறகு கொடியல் மணத்துக்கு ஒரு தும்மல் போட்டது. மண்டபம் முழுக்கக் கை தட்டினார்கள். மொட்டைத் தலைக்காரர் மணியை ஆட்டினார். நான் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

கைதட்டலுக்குப் பதக்கம் தர மாட்டார்கள். மூன்றாம் இடம் வேறொரு நாட்டுக்குப் போனது. மண்டபத்துக்குப் பின்னால், நாய்க் கூண்டுகள் அடுக்கியிருந்த இடத்தில், ஆரணி நிலத்தில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"எத்தினை தரம் சொன்னனான் சித்தி" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"சத்தியம் பண்ணினனீங்கள்."

"ஓம்."

அவள் என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பயற்றம் பணியாரத் தகரப் பெட்டியைத் திறந்து, அணிக்காரர் ஒவ்வொருவரிடமும் நீட்டி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தமிழாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தான் மெல்ல வந்து, கோட்டோடு அப்படியே மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"நான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "அதிலை நாயின்ரை பிழை ஒண்டும் இல்லை. உன்ரை பிழையும் இல்லை. பொறு எண்டு சொன்னது, நிண்டது. எங்கடை குடும்பத்திலை ஒருதரம் சொல்லிக் கேட்டது உது ஒண்டுதான்."

ஆரணிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

"பின்னு எண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் கையால் வளைத்து வளைத்துக் காட்டினாள். அவர் தானும் அப்படியே கையை வளைத்துப் பார்த்தார். "நல்ல சொல்லு" என்றார். "அடுத்தது எப்ப?"

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

அணித் தலைவி ஓர் உயரமான பெண். பணியாரத்தைக் கடித்தபடி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். ஆரணி மூக்கைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். எனக்கு மன்னிப்பு வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது, அவள் கண்ணில் குறும்பு இருந்தது.

"விசில், மணி, சின்னப் பிள்ளையள் அழுற சத்தம் எல்லாத்துக்கும் நாயளைப் பழக்கினவையாம். சித்தி ஒண்டு வரும் எண்டு யோசிக்கேல்லையாம். உங்கடை சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பட்டாம். இனி அதையும் போட்டுப் பழக்கவேணுமாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து உண்மையிலேயே கேட்டு வந்தது. மாமரத்துக்குக் கீழே நின்று, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, "பொறு" என்று நாற்பது தரம் கத்தினேன். ஒழுங்கையால் போன மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கிக் கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு மருமகள் (திரும்பி வந்துவிட்டாள்) மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அந்தப் பதிவைச் சுவிசில் பயிற்சித் திடலில் பெரிதாகப் போட்டார்கள். ஒரு கிழமைக்குள் மற்ற நாய்கள் எல்லாம் என்னைக் காதிலும் விழுத்தாமல் ஓடப் பழகிவிட்டன. கச்சான் மட்டும் இன்னும் நிற்கிறது.

"பழக்கி எடுக்கலாம் சித்தி" என்றாள் ஆரணி. "ஆனால் நான் பழக்கேல்லை. ஓடேக்கை வேறை ஆரின்ரை குரலுக்கும் அது நிக்காது. உங்களுக்கு மட்டும் நிண்டிட்டுப் போகட்டும். நீங்கள் போட்டிக்கு வராமல் விட்டால் சரிதானே."

அன்றிலிருந்து எனக்குத் தடை. நாய் ஓடும் எந்த மண்டபத்துக்குள்ளும் நான் போவதில்லை. அத்தான் எல்லாவற்றுக்கும் போகிறார். மணி ஒன்று வாங்கியிருக்கிறார், மொட்டைத் தலைக்காரருடையதைவிடப் பெரியது. எங்கள் குடும்பத்தில் எது தாமதமானாலும் இப்போது ஒரே கேள்விதான். ஆரணியின் கலியாணத்தில் மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கையில் எடுத்துவிட்டு, அதைப் பூட்டும் கொழுவியைத் தேடிக் கொஞ்சம் தடுமாறினார். மணவறைக்குப் பின்னாலிருந்து அக்காவே கேட்டாள்: "என்ன தம்பி, ரெயில் போகட்டுமோ?"

போன மாதம் அக்கா வீட்டோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன்; ஆரணி வேலைக்குப் போனால் கச்சானும் அங்கேதான். தூரத்தில் காங்கேசன்துறை ரயில் கேட்டது. வாய் தானாகவே "பொறு பொறு" என்றது. ரயில் வந்தது, கோப்பைகள் கிலுகிலுத்தன, தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பித் திருப்பி எடுத்தேன். கிடைக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத்தான் மணி அடித்தது. அந்தப் பக்கத்தில் அத்தான். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை.

"சுகந்தி, உது சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலை நிக்குது. அப்ப நிண்ட நிலைதான். கெதியாச் சொல்லு."

தொலைபேசியை நாயின் காதடியில் பிடித்தார் போலிருக்கிறது. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"போட்டுது ராசா" என்றேன். "வா, சாப்பிடு."

தரையில் நகங்கள் படும் சத்தமும், பிறகு கோப்பை இழுபடும் சத்தமும் கேட்டன. அது சாப்பிட்டு முடியுமட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் இருந்தோம்.